பழத்தோலும் தேகாரோக்கியமும்



பழத்தைத் தின்று தோலை எறிவது உலக வழக்கம். தமிழ்நாட்டுப் பெண்மணிகள் அவ்வழக்கத்தை முற்றிலும் ஒப்புக்கொண்டவர்களல்லர். எலுமிச்சங்காய் ஊறுகாயில் தோலை நீக்குவாரில்லை. நாரத்தங்காயைச் சுருளாக அரிந்து, உப்புத் திணித்து, வெயிலில் உலர்த்தி, காய்ச்சலில் நாருசி கெட்டவனுக்குக் கஞ்சியோடு கொடுப்பதும், வாழைக்காய்த் தோலை வதக்கித் துவையல் அரைப்பதும், மாதுளை ஓட்டை உலர்த்தி வயிற்றுப்போக்கிற்கு வைத்திருப்பதும் இன்றும் காணக்கூடியவையே. இவற்றில் சாரம் எவ்வளவு, சக்கை எவ்வளவு என்பதே விசாரிக்கத்தக்கது.

தோல் என்பது பழத்தின் மதிற்சுவர். வெயில், பூச்சி, பூஞ்சணம் மூன்றும் முதலில் தாக்குவது அதனையே. ஆதலின் மரமானது கசப்பும் துவர்ப்பும் வாசனையும் உள்ள வஸ்துக்களை அங்கே மிகுதியாகச் சேர்த்து வைக்கிறது. ஆரஞ்சுத் தோலை விளக்கருகில் பிழிந்தால் பொறி பறப்பதைச் சிறுவரும் அறிவர். மேல்தோலிலுள்ள அந்த எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் லிமோனின் என்னும் பொருளே. அதன் கீழுள்ள வெண்மையான பஞ்சுத் தோலில் பெக்டின் என்னும் நார்ப்பொருளும், ஹெஸ்பெரிடின் என்னும் பொருளும் உள்ளன. பின்னதை 1828-ஆம் ஆண்டில் லெப்ரெத்தோன் என்னும் பிரெஞ்சு இரசாயனர் பிரித்தெடுத்தார்.

1936-ஆம் ஆண்டில் ஹங்கேரி தேசத்து அறிஞர் ஸெந்த்-ஜ்யோர்ஜியும் அவருடைய கூட்டாளிகளும், எலுமிச்சையினின்று எடுத்த இவ்வினப் பொருள்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு உறுதி தருகின்றன என்று கண்டு, அவற்றிற்கு 'வைட்டமின் பி' எனப் பெயரிட்டனர். (இது தவிட்டிலுள்ள பி வைட்டமின் அன்று, ஆங்கில எழுத்து வேறு.) மறு ஆண்டே அவருக்கு, வைட்டமின் ஸி முதலிய ஆராய்ச்சிகளுக்காக, நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் இப்பொருள் இல்லாமையால் மட்டும் ஒரு நோய் வருவதாக நிலைநாட்ட இயலாமையின், 1950-இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று அப்பெயரைக் கைவிடும்படி கூறிற்று. பெயர் போயிற்றேயன்றிப் பொருள் போகவில்லை. ஹெஸ்பெரிடினிலிருந்து ஆக்கப்படும் டையாஸ்மின் 450 மில்லிகிராமும் ஹெஸ்பெரிடின் வகை 50 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையை, மூலத்திற்கும் கால் நரம்பு வீக்கத்திற்கும் பல தேசங்களில் வைத்தியர் கொடுத்து வருகின்றனர்.

ஆரஞ்சுத் தோல் 100 கிராமில் வைட்டமின் ஸி ஏறக்குறைய 136 மில்லிகிராம்; சுளையிலோ 53 தான். இக்கணக்கைக் காட்டித் தோலைப் புகழ்வோர் பலர். ஆனால் 100 கிராம் தோலை எவர் தின்பார்? ஒரு கரண்டி, அதாவது ஆறு கிராம், தின்றால் கிடைப்பது எட்டு மில்லிகிராம். உலர்த்தினாலோ அதிலும் குறையும்.

மாதுளை ஓட்டின் துவர்ப்பிற்குப் ப்யூனிகலாஜின் முதலிய துவர்ப்பொருள்கள் காரணம். அவை சோதனைக் குழாயில் சில கிருமிகளை அடக்குவது மெய். குழாய் வேறு, குடல் வேறு. குழந்தைக்குப் பேதியானால் உயிர்காப்பது உப்பு, சர்க்கரை அளவாகச் சேர்ந்த நீரே. சீதமும் இரத்தமும் கண்டால் ஓட்டுக் கஷாயத்தை நம்பிக் காலந்தாழ்த்துவது கொலைக்கு ஒப்பாகும். மாதுளை வேர்ப்பட்டை வேறு சரக்கு. அளவு மிஞ்சினால் விஷம்.

நீரிழிவைத் தோல் பொடியால் அறவே தீர்ப்பதாகச் சந்தையில் கூவுவோரும் உளர். அங்ஙனம் தீர்ந்ததாக மனிதரிடத்தில் நிரூபணம் இல்லை. அதை நம்பி இன்ஸுலினை நிறுத்தியவன் சில தினங்களிலேயே பிராணாபாயத்தில் வீழக்கூடும். இரத்தக் கொதிப்புள்ளவர் உப்பு நாரத்தையில் கை வைக்குமுன், நாளொன்றுக்கு மொத்தம் ஐந்து கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டுமென்னும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதியை நினைப்பாராக. பம்பளிமாஸும் அதன் உறவினமான கிரேப் பழமும், கொழுப்புக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உண்ணும் சில மாத்திரைகளின் வேகத்தை உடலில் மிகுவிக்கும். வைத்தியரிடம் கேட்டறிதல் நலம்.

இவையெல்லாவற்றினும் பெரிய கேள்வி பூச்சிமருந்து. தெளித்தது முதலில் தங்குவது தோலில். ஓடும் நீரில் நன்கு தேய்த்துக் கழுவினால் மேலே படிந்தது பெரும்பாலும் போகும். உள்ளே ஊறியது போகாது. தெளித்தவர் அயலாரல்லர், ஐக்கிய நாணய சங்க அங்கத்தினரே. மருந்துப் புட்டியின் சீட்டில், தெளித்ததற்கும் பறிப்பதற்கும் இடையே கழிய வேண்டிய நாட்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. புளியங்குடி போன்ற எலுமிச்சைச் சந்தைகளுக்குச் சரக்கனுப்பும் ஊர்களில், சங்கம் ஒரு பதிவுப் புத்தகம் வைத்து, எந்தத் தோட்டத்தில் எந்த மருந்து எந்தத் தேதியில் தெளிக்கப்பட்டதென்று எழுதி வருமாயின், ஊறுகாய்க்கு வாங்குவோர் அச்சமின்றி வாங்குவர், விலையும் கூடலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் காரியதரிசியின் கால் மணி நேரமுமே. தோலை உலர்த்தி விற்க விரும்பும் சங்கங்கள், இப்பதிவுள்ள தோட்டத்துக் காய்களையே எடுத்து, ஒடித்தால் முறியும் பதம்வரை உலர்த்தி, பூஞ்சணம் பூத்ததைத் தயங்காமல் எருக்குழியில் கொட்டிவிட வேண்டும்.