ஸ்கேன் ரிப்போர்ட்டில் மில்லிமீட்டர் மாறினால்...



உங்கள் போன் கேலரியில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டின் போட்டோவாவது இருக்கும். அதில் "7.2 மி.மீ." என்பது போல ஏதாவது ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் எப்படி வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம்? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

எங்க அப்பா கதையிலிருந்தே தொடங்குகிறேன். அவருக்குச் சிறுநீரகக் கல். முதல் அல்ட்ராசவுண்டில் 9 மி.மீ. ஒரு மாதம் தினமும் வாழைத்தண்டுச் சாறு குடித்தார். பிறகு வேறொரு சென்டரில் ஸ்கேன் எடுத்தால் 7 மி.மீ. "பாத்தியா, கரையுது"ன்னு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பா டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் தாங்க முடியாத வலி. சி.டி. ஸ்கேனில் அதே 7 மி.மீ. கல், சிறுநீர்க்குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டிருந்தது. சிறுநீரகம் வீங்கியிருந்தது. பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "ஐயா, கல்லு கரையல. அளந்த மெஷினும் ஆளும்தான் மாறியிருக்கு."

அல்ட்ராசவுண்ட் மெஷின் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தைத் தூரமாக மாற்றுகிறது. உடம்புக்குள் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு அது. கொழுப்பில் ஒலி அதைவிட மெதுவாகத்தான் போகும். அதோடு, திரையில் கல்லின் இரண்டு ஓரத்திலும் புள்ளி வைப்பது ஒரு மனிதர். சின்னக் கற்களை இந்த ஸ்கேன் கொஞ்சம் பெரிதாகக் காட்டுவதும் உண்டு. அதனால் இரண்டு சென்டர்களுக்கு இடையே ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் வந்தால், கல் சுருங்கியது என்று அர்த்தமில்லை. மெஷினைச் சோதிக்க 'பேண்டம்' என்ற மாதிரிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் தெரிந்த இடைவெளியில் நைலான் இழைகள் இருக்கும். மெஷின் அந்த இடைவெளியைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

சி.டி. ஸ்கேனில் இன்னொரு எண்ணும் உண்டு: ஹவுன்ஸ்பீல்டு யூனிட். சி.டி. ஸ்கேனரை உருவாக்கி, 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ப்ரே ஹவுன்ஸ்பீல்டின் பெயர் அது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1,000. கடைக்காரர் எடை போடுமுன் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது போல, தண்ணீர் நிரப்பிய பேண்டத்தை ஸ்கேன் செய்து பூஜ்யம் வருகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். சில யூனிட் விலகல் பரவாயில்லை. ஆனால் சிறுநீரகத்தில் தெரிவது வெறும் நீர்க்கட்டியா, வேறு ஏதாவதா என்பதை 0 முதல் 20 யூனிட் என்ற சின்ன இடைவெளியை வைத்துத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் பூஜ்யமே பத்து யூனிட் நகர்ந்திருந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டில் எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது தரச் சோதனை நடக்க வேண்டும். சோதனை எப்போது நடந்தது என்று நீங்களே கேட்கலாம், தயங்க வேண்டாம். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லாததால் அது இந்த வாரியத்தின் கீழ் வராது. அந்த அறையில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழ், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் கொடுக்கப்படுவது. மெஷின் சரியாக அளக்கிறது என்பதற்கான சான்று என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்!

மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது முடிந்தவரை அதே சென்டர், அதே வகை ஸ்கேன். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பிலிமைப் போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்டரால் அதில் திரும்ப அளக்க முடியாது. சி.டி. ஸ்கேன் என்றால் படங்கள் அடங்கிய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவின் கல்லை லேசரில் உடைத்து எடுத்தாயிற்று. இப்போது ஒரே சென்டரில்தான் பரிசோதனை. வாழைத்தண்டை மட்டும் அம்மா விடுவதாயில்லை, வாரம் இரண்டு நாள் பொரியல்.