பேங்க் மெசேஜில் வராத பணம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் பேசியது)



போன வருசம் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போற என் மக செல்லைப் பார்த்துட்டு, "அம்மா, கணக்குல 4,000 மிச்சம் இருக்கு, தவணையில பிரிட்ஜ் எடுக்கலாம்"னு சொன்னா. எடுத்தோம். ரெண்டு மாசத்துல நகைக்கடன் ஏல நோட்டீஸ் வீட்டுக்கு வந்துடுச்சு. கைமாத்து வாங்கி வட்டி கட்டித்தான் நகையைக் காப்பாத்தினோம்.

அவ பார்த்தது பேங்க் இருப்பு மட்டும். வரவு செலவு ஆப் சிலது பேங்க் மெசேஜைப் படிச்சுத் தானே எழுதிக்கும். சம்பளம் ஏறும், 2023 செப்டம்பர் 15 அன்று நம்ம காஞ்சிபுரத்தில் தொடங்கின மகளிர் உரிமைத் தொகையும் ஏறும். ஆனா சுருக்குப்பை, குழு சேமிப்பு, சீட்டு இதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்? நாமதான் ஒவ்வொண்ணுக்கும் தனிக் கணக்கு திறக்கணும்.

கஷ்டமில்லை. பெயர், வகை, இன்றைய இருப்பு மூணும் போதும். குழு பேரேட்டில் ஆரம்ப இருப்பு எழுதுறோமே, அதேதான். பேங்க் விவரமே வேண்டாம். ஏடிஎம் பின் நம்பரோ, பேங்க் ஓடிபியோ கேட்கிற ஆப்பை உடனே அழிச்சிடுங்க.

எங்க வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். பேங்க் 4,000, கையில 650, குழு சேமிப்பு 7,200, சீட்டுக்குக் கட்டினது 10,000. நகைக்கடன் 30,000, அதைக் கழித்தல் குறியோட போடணும். மொத்தம் பார்த்தா 8,150 ரூபாய் கடன்ல நிக்கிறோம்! பிரிட்ஜ் தவணை சேர்க்காமலே இவ்வளவு.

எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. ஏடிஎம்ல 1,000 எடுத்தா அது செலவு இல்லை. பேங்க் கணக்கிலிருந்து கைப்பணத்துக்கு மாத்தினதா எழுதணும். செலவுன்னு எழுதிட்டு, மறுபடி காய்கறிக்கும் எழுதினா ஒரே பணம் ரெண்டு தடவை கழியும். கடன் கட்டும்போதும் அப்படித்தான். அசல் மாத்தல், வட்டி மட்டும் செலவு. குழுவில் அசலையும் வட்டியையும் பிரிச்சு எழுதுற நமக்கு இது புதுசா என்ன?

வாரம் ஒரு நாள் சுருக்குப்பையைக் கொட்டி எண்ணி, ஆப்பில் இருக்கிற தொகையோட சரிபாருங்க. எனக்கு முதல் வாரமே 140 ரூபாய் உதைச்சது. பூவும் டீயும்தான்!

2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தினது ஞாபகம் இருக்கும். சம்பளம் நின்னா எத்தனை மாசம் தாங்கும்னு பேங்க் இருப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்ப என் மக நகைக்கடன் கணக்கோட பெயரிலேயே கெடு தேதியைச் சேர்த்து வச்சிருக்கா. திறந்தாலே கண்ணுல படுது. அடுத்த கூட்டத்துக்குக் குழு பாஸ்புக், சீட்டு அட்டை, நகைக்கடன் ரசீது மூணும் எடுத்துட்டு வாங்க, உட்கார்ந்து போட்டுடலாம். செல் இல்லாதவங்க ஒரு நோட்டு கொண்டு வாங்க.