இளங்கவிஞர்க்கு நாம் கூறும் சொல்



கவிதை எழுதுவோர் தொகை நம் நாட்டில் எக்காலத்தும் குறைந்ததில்லை. எழுதியதைப் பொறுமையோடு படித்து, எழுதியவர் பயன்கொள்ளத்தக்க ஒரு சொல்லை மொழிவோர் தொகைதான் குறைவு. ஓர் இளைஞன் தன் முதற் பாடலை நம் கையில் தரும்போது நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். “மிக நன்று” என்று கூறித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அன்றேல், எதுகையில்லை, தளை தட்டுகிறது என்று கூறி அவன் வாயை அடைத்துவிடுகிறோம். முன்னையதால் அவன் கற்பது ஒன்றுமில்லை. பின்னையதால் அவன் எழுதுவதையே விட்டுவிடுகிறான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி யாது என்பதே இன்று நாம் சிந்திக்கப் புகும் பொருளாகும்.

இவ்விடயத்தில் நம் முன்னோர் தெளிவான கருத்துடையவராயிருந்தனர். ஒருவன் தன் நூலைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்றும், அதற்குச் சிறப்புப் பாயிரம் பிறரே பாடவேண்டும் என்றும் நன்னூல் விதித்தது. ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே அதற்கு உரியவர். நூலையும் நூலாசிரியனையும் அணுகி அறிந்தவர்களே இவர்கள் என்பதை நோக்குக. மேலும், அப்பாயிரம் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் தெரிவிக்கவேண்டும் என்பர். நூலைப் படியாதவன் இவற்றைக் கூறுதல் இயலாது. ஆகவே, பாராட்டு என்பது படித்ததற்குச் சான்றாக அமைய வேண்டும் என்பதே அவ்விதியின் உட்கிடை. வெறும் புகழுரை பாயிரமாகாது.

இனி, ஊக்கம் என்பது சொல்லோடு முடிவதுமன்று. புதுச்சேரியில் கனக சுப்புரத்தினம் என்ற இளம் ஆசிரியர் பாரதியார் முன்னிலையில் ஒரு பாடலை இயற்றினார். பாரதியார் அதனைக் கேட்டு மகிழ்ந்ததோடு அமையாது, அவரைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று குறித்து, அப்பாடலைச் சுதேசமித்திரன் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார். அவ்விளைஞரே பின்னர்ப் பாரதிதாசன் என்று தமிழுலகம் போற்றும் கவிஞரானார். பாரதியார் அவருக்கு அளித்தது பாராட்டு மட்டுமன்று, ஓர் இடமுமாகும்.

ஈழத்திலும் இத்தகைய இடங்கள் இருந்தன. 1930 ஆம் ஆண்டு நா. பொன்னையா அவர்கள் தொடங்கிய ஈழகேசரி, மாணவர்க்கும் இளைஞர்க்கும் தன் பக்கங்களைத் திறந்துவிட்டது. அங்கே எழுதிப் பழகிய பலர் 1943 இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் கண்டனர். 1946 இல் ‘மறுமலர்ச்சி’ என்னும் இதழையும் வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான வரதர், கவிஞர் மஹாகவியோடு சேர்ந்து 1955 இல் கவிதைக்கென்றே ‘தேன்மொழி’ இதழை நடத்தினார். 1966 இல் டொமினிக் ஜீவா தம் சிகையலங்கார நிலையத்தை நிலைக்களனாகக் கொண்டு ‘மல்லிகை’யைத் தொடங்கி, புதியவர் பலரை எழுதவைத்தார். ஒரு தலைமுறை ஊக்கம் பெற்றதனாலேயே அடுத்த தலைமுறைக்கு ஊக்கம் அளிக்க வல்லதாயிற்று என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

எம் பாடசாலையில் மாணவர் சிலர் மாதம் ஒருமுறை கூடித் தாம் எழுதியவற்றைப் படிப்பர். கேட்போர்க்கு மூன்று கடமைகள் உண்டு. முதலாவது, தம் மனத்தில் நின்ற அடியை எழுதியவருக்கே திருப்பிச் சொல்லுதல். இரண்டாவது, விளங்காத இடத்தைப் பற்றி வினவுதல். மூன்றாவது, திருத்தத்தக்க குறை ஒன்றே ஒன்றைக் காட்டுதல். ஒரு மாணவி கடலைப் பற்றி இருபது அடிகள் எழுதி வந்தாள். கடலன்னை, நீலப்பட்டு, முத்துநகை என்று எங்கும் கேட்ட சொற்களே நிறைந்திருந்தன. ஆயினும், தந்தையின் வள்ளம் கரை சேரும்வரை தாய் வாயிற்கதவுக்குத் தாழிடுவதில்லை என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். கேட்டிருந்தோர் அனைவரும் அவ்வொன்றையே திருப்பிச் சொன்னார்கள். அடுத்த மாதம் அவள் கொண்டுவந்த பாடல் அந்தத் தாழ்ப்பாளிலிருந்தே தொடங்கிற்று. பத்தொன்பது அடிகளும் பழுதென்று நாம் கூறியிருப்பின், அந்த இரண்டாவது பாடல் பிறந்திராது. எல்லாம் நன்று என்று கூறியிருப்பினும் அது பிறந்திராது.

குறை கூறலாமா என்று சிலர் வினவுவர். கூறவே வேண்டும். வல்வெட்டித்துறை மரக்கலங் கட்டிய ஊர். இங்கே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் கடல் பல கடந்து 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கப்பல் கட்டுவோர் ஒழுக்கு இருப்பதைக் கண்டால் அதனை மறைப்பதில்லை. ஒழுகுகிறதே என்று கப்பலைக் கைவிடுவதுமில்லை. எந்தப் பலகைப் பொருத்தில் நீர் வருகிறது என்று தேடி, அவ்விடத்தை அடைப்பர். கவிதைக்குக் குறை கூறுவோரும் அவ்வாறே இடஞ்சுட்டிக் கூறவேண்டும். “உனக்குக் கவிதை வராது” என்பது எழுதியவனைப் பற்றிய தீர்ப்பு. “இந்த அடியில் சொல் மிகுந்துவிட்டது” என்பது பாடலைப் பற்றிய உதவி.

ஆயினும், எல்லாப் பாடலுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. போரிலும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் உற்றாரை இழந்த இல்லங்கள் வடமராட்சிக் கரையோரத்தில் பல. இறந்தோர் நினைவாகக் கல்வெட்டுப் பாடல் வெளியிடுவது யாழ்ப்பாணத்து வழக்கம். தன் வாழ்நாளில் ஒரு செய்யுளும் எழுதாத ஒருவர், தம் தாய்க்காக எழுதிய நான்கு அடிகளை நடுங்கும் கையால் நீட்டும்போது, சீரும் தளையும் எண்ணத் தொடங்குதல் அறமன்று. அங்கே முதற் கடமை கேட்டல். அன்னையைப் பற்றி மேலும் சொல்லுமாறு வேண்டின், அவர் கூறும் ஒரு சிறு செய்தியே பாடலுக்கு வேண்டிய ஐந்தாவது அடியாக அமைந்துவிடலாம். யாப்பைப் பின்னர்ச் செப்பஞ் செய்துகொள்ளலாம்.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எவரும் அறியாமல் எழுதுகின்ற பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். அப்பிள்ளை ஒருநாள் துணிந்து அதனைக் காட்டினால், கைவேலையைச் சற்றே நிறுத்துங்கள். இரண்டு முறை படியுங்கள். உங்களைத் தொட்ட அடி எது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அது எவ்வாறு தோன்றிற்று என்று கேளுங்கள். இதற்குப் புலமை வேண்டுவதில்லை. ஐந்து நிமிட நேரமும் உண்மையான கவனமுமே வேண்டும். எழுதிய பிள்ளைகள் யாவரும் கவிஞராகார். ஆயினும், தான் கூறியதை ஒருவர் முழுமையாகக் கேட்டார் என்ற நினைவு, பிறர் கூறுவதைக் கேட்கும் பண்பை அவர்களிடம் வளர்க்கும். தமிழ் வாழ்வதற்குப் பாடுவோர் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு கேட்போரும் வேண்டும்.