கடற்கரை நம் ஆற்றில் தொடங்குகிறது



உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீடர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்ததை யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்களுக்காகக் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். கடலில் உழைப்பவர்களுக்குக் கரை என்பது வலை உலரும் இடம், அடுப்பெரியும் இடம், உயிரோடு திரும்பி வந்து சேரும் இடம்.

கடையநல்லூரில் இருக்கும் நமக்கும் கடற்கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நாம் மலையடிவாரத்து மக்கள். மணப்பாட்டுக்கோ உவரிக்கோ திருவிழாவுக்குப் போகும்போதுதான் கடலைப் பார்க்கிறோம். ஆனால் நம் கருப்பாநதித் தண்ணீர் சிற்றாற்றில் சேர்கிறது. குற்றாலத்து அருவி நீரும் அதே சிற்றாறுதான். அது சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. அருவிக்கரையில் வீசப்படும் ஷாம்பு உறையும் பாலித்தீன் பையும் வெள்ளத்தோடு பயணப்பட்டு, அங்குள்ள மீனவரின் வலையில் போய்ச் சிக்கக்கூடும்.

ஆறு மணலையும் சுமந்து செல்கிறது. அலை ஒரு பருவத்தில் கரையை அரிக்கும். மறு பருவத்தில் மணலைத் திருப்பித் தரும். இந்த வரவு செலவில் விழும் குறையை ஈடுசெய்வது ஆற்று மணல். அணையில் ஒரு பங்கு தங்கி, மிச்சத்தையும் லாரிகள் அள்ளிப் போனால், கடல் மீனவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்தால் ஓர் ஊர் தப்பும். பல இடங்களில் அரிப்பு பக்கத்து ஊருக்கு நகர்ந்துவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உள்ளன. 2010இல் பெரியவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள 5 ஆண்டுகள் தடை விதித்தது. 2013இல் தென்மாவட்டக் கடற்கரைகளில் தாது மணல் அள்ளுவதை அரசு நிறுத்தியது. ஆனால் மணலுக்குக் கேட்பவர் இருக்கும்வரை அள்ளுபவரும் இருப்பார்.

ஆகவே வீடு கட்டும்போது, மணல் எங்கிருந்து வருகிறது, முறையான ரசீது உண்டா என்று கேட்போம். தேவைக்கு மேல் கட்டாதிருப்போம். திருத்தலக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் பொருள்களின் குப்பையை நாமே திரும்ப எடுத்து வருவோம். வாய்க்காலில் குப்பை கொட்டுவதை நிறுத்த, எல்லாச் சமயத்து அண்டை வீட்டாரோடும் கைகோப்போம்.

1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அந்தக் கரையோர மக்கள் காத்த விசுவாசத்துக்கு நாமும் கடன்பட்டவர்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல், பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் சேர்த்தே கேட்க நம்மை அழைக்கிறது. கரை இழந்த மீனவக் குடும்பத்திடம் அவ்விரண்டையும் ஒன்றாகக் கேட்கிறோம்.

கரையில் காத்திருந்த ஆண்டவர், கரையோர மக்களுக்கு நல்ல அயலாராக வாழ நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.