யாருடைய கடிகாரம்?

(குறுவள மையக் கூட்டத்தில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக்கு நானே ஒரு வினா தயாரித்தேன். “நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பகல் 12 மணிக்குப் புறப்படும் விமானம், கென்யாவின் நைரோபியில் இரவு 7 மணிக்கு இறங்குகிறது. நேரங்கள் அந்தந்த ஊர் நேரப்படி. பயண நேரம் எவ்வளவு?”

விடைக்குறிப்பில் 7 மணி நேரம் என்று எழுதிவிட்டேன். வகுப்பில் ஒரு மாணவி மட்டும் 5 என்று எழுதியிருந்தாள். தவறு என்று குறியிட்டேன்.

விடைத்தாளுடன் அவள் என்னிடம் வந்தாள். “சார், எங்க அப்பா துபாய்ல இருக்காங்க. அவங்களுக்கு எட்டரைன்னா நமக்குப் பத்து. இறங்குன ஊர்ல கடிகாரத்த மாத்தி வைக்கணும்ல சார்?”

என்னிடம் பதில் இல்லை. வினாவை நான்தான் எழுதினேன். அவள்தான் அதைச் சரியாகப் படித்திருந்தாள்.

மறுநாள் சமூக அறிவியல் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு, நிலவரைபடத்துடன் வகுப்புக்குப் போனேன். லாகோஸ் 6.5° வடக்கு, 3.4° கிழக்கு. நைரோபி 1.3° தெற்கு, 36.8° கிழக்கு. தீர்க்கக்கோட்டு வேறுபாடு 33.4°. பூமி 15° சுழல ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே சூரியக் கணக்கில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இரு நாடுகளின் திட்ட நேர வேறுபாடு சரியாக 2 மணி, நைரோபி முந்தி. ஏழிலிருந்து இரண்டைக் கழித்தால் ஐந்து.

“தூரத்தை வைத்துச் சரிபார்க்கலாமா?” என்று கேட்டேன். இரு நகரங்களும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், அட்சமோ தீர்க்கமோ ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. எனக் கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பில் நாம் நடத்தும் தொலைவுச் சூத்திரமே போதும். வேறுபாடுகள் 33.4, 7.8. தொலைவு 34.3 பாகை. 111ஆல் பெருக்கினால் சுமார் 3,800 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் 4 மணி 45 நிமிடம். மேலெழும்பவும் தரையிறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஐந்து மணி நேரம்.

“திரும்பி வரும்போது?” என்றான் ஒருவன். நைரோபியில் பகல் 12 மணிக்குப் புறப்பட்டால் லாகோஸில் பிற்பகல் 3 மணி. வெறுமனே கழித்தால் மூன்று மணி நேரம்தான் வரும். போக ஏழு, வர மூன்று என்றதும் வகுப்பே சிரித்தது.

பிறகு கெய்ரோவையும் ஜோகன்னஸ்பர்க்கையும் கொடுத்தோம். இடைவெளி 6,200 கி.மீ.க்கு மேல். ஆனால் எகிப்தில் கோடைகால நேரம் நடைமுறையில் இல்லாத மாதங்களில் இரு ஊர்க் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டும். காரணத்தை மாணவர்களே சொன்னார்கள்: பயணம் வடக்கு தெற்காக, தீர்க்கக்கோடு அதிகம் மாறவில்லை. கடிகாரத்தை மாற்றுவது தூரம் அல்ல, கிழக்கு மேற்குத் திசைதான் என்பது நான் சொல்லாமலே பதிந்துவிட்டது.

அன்றே அந்த மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்தினேன். என் விடைதான் தவறு என்று வகுப்பிலேயே சொன்னேன். அதன் பிறகு, “சார், எனக்கு வேற விடை வருது” என்று கையுயர்த்துபவர்கள் கூடியிருக்கிறார்கள்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். எல்லோரும் ஒரே விடை எழுதி, ஒரு குழந்தை மட்டும் வேறு விடை எழுதினால், சிவப்பு மையைத் தொடும் முன் “எப்படி வந்தது?” என்று கேளுங்கள்.