கையால் செய்த டாங்கல் கற்றுத்தரும் பாடம்



கம்பியில்லா மவுஸ் வாங்கினால், கூடவே நகத்தளவில் ஒரு யூஎஸ்பி டாங்கல் வருகிறது. கடையில் சுலபமாகக் கிடைக்கும் அதை வீட்டில் ஏன் செய்ய வேண்டும் என்று எதிரணியினர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செய்து பார்ப்பவர் எதைக் கற்கிறார் என்பதில்தான் பதில் இருக்கிறது.

இத்தகைய டாங்கல்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. அந்த அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர், ஆண்டெனாவுக்குத் தேவை. பலகையின் ஓரத்தில் மெல்லிய செம்புக் கோடாக அதை மடித்து வரைகிறார்கள். அதன் அடியில் செம்புத் தகடு இருக்கக் கூடாது. இருந்தால், வீடு முழுவதும் எட்ட வேண்டிய சிக்னல் மேசையோடு நின்றுவிடும்.

அடுத்தது மின்சாரம். யூஎஸ்பி தருவது 5 வோல்ட். வானொலிச் சில்லுகள் பலவும் 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதில்லை. அதனால் இடையில் 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் வேண்டும். சில்லின் மின்கால்களை ஒட்டியே கெப்பாசிட்டர் வைக்க வேண்டும்.

பலகை தயாரானதும் அவசரப்பட்டுக் கணினியில் செருகக் கூடாது. 5 வோல்ட் கோடும் கிரவுண்டும் எங்காவது தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று முதலில் மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். பிறகு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையில் இணைத்து, 3.3 வோல்ட் சரியாக வருகிறதா என்று அளக்க வேண்டும். அதன் பின்னரே கணினி. கணினி அதை அடையாளம் கண்டதும், எண்ணிட்ட 1000 தகவல்களை அனுப்பி, எத்தனை வந்து சேர்ந்தன என்று தூரத்தை மாற்றி மாற்றிக் கணக்கிட வேண்டும். யூஎஸ்பி 3.0 இணைப்புகள் இதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புவதை இன்டெல் நிறுவனம் 2012இல் விளக்கியது. அந்தத் துளைக்கு அருகில் டாங்கல் தடுமாறினால், ஒரு சிறு நீட்டிப்புக் கேபிள் போதும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன்? 2016இல் அமெரிக்காவின் பாஸ்டைல் நிறுவன ஆய்வாளர்கள் 'மவுஸ்ஜாக்' என்ற குறையை வெளியிட்டார்கள். பல நிறுவனங்களின் டாங்கல்கள் பூட்டு இல்லாத கட்டளைகளையும் ஏற்றுக்கொண்டன. முன்பின் தெரியாத ஒருவர் தூரத்தில் இருந்தபடியே, அடுத்தவர் கணினியில் தட்டச்சு செய்ய முடிந்தது! பல டாங்கல்களின் மென்பொருளைத் திருத்தவும் வழியில்லை.

அந்தக் குறையைச் சோதிக்க அவர்கள் பயன்படுத்திய கருவி எது தெரியுமா? சுவீடனின் பிட்கிரேஸ் நிறுவனத்தின் 'கிரேசிரேடியோ' டாங்கல். சிறு பறக்கும் கருவிகளை இயக்க உருவானது அது. அதன் வரைபடமும் மென்பொருளும் யாரும் பார்த்து மாற்றும்படி திறந்தே இருந்தன. திறந்திருந்த டாங்கல்தான் மூடியிருந்த டாங்கல்களின் ஓட்டையைக் காட்டிக் கொடுத்தது.

வாங்குவது தவறில்லை. ஆனால் உள்ளே இருப்பதைத் தெரிந்தவர்கள் நம் பிள்ளைகளிலும் சிலர் இருக்க வேண்டும். விற்பனைக்கு என்றால் அரசாங்க அனுமதி தேவை. கற்பதற்கோ ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.