சரீர சுகமும் தலையெழுத்தும்



சரீர சுகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் டாக்டரல்ல. நோய் கண்டவர்கள் வைத்தியரிடம்தான் போகவேண்டும். நோய் வருமுன் நமது சோற்றுப் பானையிலும் படுக்கிற பாயிலும் நாமே கவனிக்கக்கூடிய காரியம் என்ன என்பதைப் பற்றித்தான் பேசப் போகின்றோம்.

நம் ஜனங்கள் மற்ற விஷயங்களில் காரணம் தேடத் தெரியாதவர்கள் அல்ல. மாடு தீனி எடுக்காவிட்டால் என்ன தின்றது, எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று விசாரிக்கிறோம். பயிர் மஞ்சளித்தால் எருவைப் பார்க்கிறோம். மனிதனுக்குச் சீக்கு வந்தால் மாத்திரம் தலையெழுத்து என்கிறோம், கிரகம் என்கிறோம், முன் ஜென்ம பாவம் என்கிறோம். மாட்டுக்குச் செலவு செய்கிற யோசனையை மனிதனுக்குச் செலவு செய்ய ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

ஜாவாத் தீவில், அன்று படேவியா என்றும் இன்று ஜகார்த்தா என்றும் வழங்கும் பட்டணத்தில், 1890-ஆம் வருஷங்களில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் இருந்தார். கால் விழுந்துபோய் மனிதர் சாகும் பெரிபெரி என்ற நோயை அவர் ஆராய்ந்தார். ஏதோ கிருமிதான் காரணம் என்பது அவருடைய எண்ணம். இப்படியிருக்கையில் அவர் வளர்த்த கோழிகளுக்கும் கால் விழுந்தது. பிறகு தாமாகவே குணமும் ஆயின. விசாரித்ததில், ஆஸ்பத்திரிச் சமையலில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டு வந்த காலத்தில் நோய் வந்தது, புதிதாக வந்த சமையற்காரர் "பட்டாளத்துச் சோறு கோழிக்கா?" என்று நிறுத்திவிட, தவிடு போகாத அரிசி கிடைத்தது, கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டிலே ஒரு சத்து இருக்கிறது, அது இல்லாவிட்டால் நரம்பு கெடுகிறது என்பது இதிலிருந்து விளங்கிற்று. 1926-ஆம் வருஷம் அதே ஜாவாவில் அந்தச் சத்தைத் தவிட்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்கள். 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோழியின் தலையில் யார் என்ன எழுதினார்கள் என்று அவர் ஆராய்ச்சி செய்யவில்லை.

இதில் நமக்குச் சம்பந்தமான வேடிக்கை ஒன்றுண்டு. நம் நாட்டில் பச்சரிசி சுத்தமானது, படைப்பதற்கு உரியது. புழுங்கலரிசி அவித்தது, ஆகவே தாழ்ந்தது என்று ஒரு ஏற்பாடு. ஆனால் நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தாழ்ந்த அரிசி என்று சொல்லப்பட்டதுதான் ஏழை மக்களின் காலைக் காப்பாற்றியது. கஞ்சியை வடித்துக் கொட்டுகிற வழக்கமும் இப்படியே யோசனையற்றது. அந்தச் சத்து தண்ணீரில் கரைவது. வடித்த கஞ்சியோடு அதுவும் சாக்கடைக்குப் போகிறது.

இதனால் புழுங்கலரிசியை மூன்று வேளையும் குவித்துக்கொண்டு சாப்பிடலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இன்று நம்மைப் பிடித்திருப்பது வேறு நோய். 2023-இல் வெளியான ஆராய்ச்சிக் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் பத்துக் கோடிப் பேர். "அப்பனுக்கு இருந்தது, எனக்கும் வந்தது, என்ன செய்வது?" என்கிறார்கள். பரம்பரைக்கு இதில் பங்குண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் முதலியவர்கள், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் வைத்துப் பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுத் திட்டமும் மாத்திரம் கைக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நூற்றுக்குப் பதினாறு பேர் தலையெழுத்தை யார் அழித்து எழுதினார்கள் என்று கேட்கின்றோம். தட்டில் சோற்றைக் குறைத்துக் காய், கீரை, பயறு, முடிந்தவர்கள் மீன், முட்டை சேர்த்துக்கொள்ளலாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்ததே.

நிற்க, தட்டைப் பற்றிப் பேசும்போது யாருடைய தட்டு என்றும் கேட்க வேண்டும். 2019-21-இல் சர்க்கார் எடுத்த குடும்ப நலக் கணக்கில், இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். ஆண்களில் 25 பேர். நமது தமிழ்நாட்டுப் பெண்களில் 53 பேர். மாதாந்தரம் இரத்தம் போவதும் பிள்ளைப் பேறும் இதற்குக் காரணங்கள். ஆனால் போகிறதை ஈடுசெய்ய வேண்டிய தட்டு எது? எல்லோரும் தின்றபின், சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்புதான். மீனில் நடுத்துண்டு ஆணுக்கு, தலையும் வாலும் அவளுக்கு. போதாததற்கு வெள்ளிக்கிழமை விரதம், ஆடிமாத விரதம். இரும்புச் சத்து அதிகம் வேண்டிய சரீரத்துக்குக் குறைந்த ஆகாரம் என்பது எந்த ஊர்க் கணக்கு? எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பங்கிட்டு உண்ணுவதை நாம் மருந்தாகவே சொல்லுகிறோம். சோற்றோடு தேநீர் குடித்தால் அதிலுள்ள துவர்ப்பு இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர்த்துக்கொண்டால் இரும்பு சுலபமாய்ச் சேரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையை வாங்கி அலமாரியில் வைக்காமல், அவர்கள் சொல்லுகிறபடி விழுங்க வேண்டும்.

இனி ஓய்வு. படுத்துக்கொண்டாலே ஓய்வு என்று நினைக்கிறோம். கடன்காரனை நினைத்துக்கொண்டு படுத்திருப்பவனுடைய தாடையைத் தொட்டுப் பாருங்கள், கல்லாயிருக்கும். தறியில் குனிந்தவருக்குத் தோளும், நாள் முழுதும் கைபேசியைக் குனிந்து பார்க்கிற பிள்ளைகளுக்குக் கழுத்தும் இப்படியே இறுகிக் கிடக்கின்றன. அமெரிக்காவில் ஜேக்கப்ஸன் என்ற டாக்டர், தசையில் ஓடும் நுண்ணிய மின்சாரத்தைக் கருவியால் அளந்து, சும்மா இருப்பதாக நினைக்கிறவனுடைய தசையும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று காட்டினார். தசையைத் தளர்த்தப் பழகும் முறையைப் பற்றி 1929-இல் புத்தகமும் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைச் சுருக்கினார்கள்.

காரியம் மிகச் சுலபம். மல்லாந்து படுத்து, வலது கை முஷ்டியை ஐந்தாறு விநாடி இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பிறகு கயிறு அறுந்தாற்போல விட்டுவிடுங்கள். அரை நிமிஷம் அந்தக் கை கனத்துக் கிடப்பதைக் கவனியுங்கள். இப்படியே இடது கை, நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, பாதம். அடிபட்ட இடத்தையும் வலிக்கிற இடத்தையும் இறுக்க வேண்டாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மெதுவாகவே இறுக்க வேண்டும். கால் மணி நேரம் போதும். "இது எங்கள் சவாசனந்தானே?" என்று ஒருவர் கேட்கலாம். இருக்கட்டும், நல்லது எங்கேயிருந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டியதே. ஆனால் இதற்கு மந்திரமும் வேண்டாம், குருவும் வேண்டாம், தட்சணையும் வேண்டாம்.

கூட்டம் கலைந்ததும் இங்கேயே பாய் விரித்துச் செய்து காட்டப் போகின்றோம். முதல் வரிசைப் பாய் தாய்மார்களுக்கு. அதுவரை குழந்தைகளை ஆண்கள் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே நிற்கட்டும்.